முன்சீட்டுக்காரி

மில் வேனில் முன்சீட்டு எனக்கு என்று முடிவு செய்தது நான் இல்லை. வேனில் வந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். காரணம் என் வாய்தான். எனக்கு வாய் ஓயாது. சின்ன வயதில் வகுப்பில் பேசியதற்காக வெளியே நிறுத்தப்பட்டவள், கல்யாணப் பந்தலில் பேசியதற்காக மாமியாரிடம் முறைப்பு வாங்கியவள். அந்த வாய் ஒரு நல்ல காரியத்துக்கு உதவும் என்று கண்டுபிடித்தது அந்த வேன்தான்.

நாங்கள் வேலை பார்த்த நூல்மில் காரியாபட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தது. எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம். ராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் வேன் ஏறும்போது மூக்கெல்லாம் பஞ்சுத் தூசி, கால் இரண்டும் வீங்கிப் போயிருக்கும். அருப்புக்கோட்டை வருவதற்குள் வேனே குறட்டை விடும். பின்னால் இருப்பவர்கள் தூங்கலாம், டிரைவர் தூங்கக் கூடாது இல்லையா. அவரும் எங்களைப் போல ராத்திரி முழுக்க விழித்தவர்தான். ஒரு ஷிப்டை இறக்கிவிட்டு அடுத்த ஷிப்டை ஏற்றி, நடுவில் மில் வாசலில் சீட்டைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் உண்டு. அதனால் எங்கள் பக்கத்து மில் வேன்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. டிரைவருக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து, ஊர் வந்து சேரும் வரைக்கும் அவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். கல்யாணமாகாத பிள்ளைகளை அங்கே உட்கார விட மாட்டார்கள். பிள்ளை பெற்று, நாலு வார்த்தை தைரியமாகப் பேசுகிறவளாகப் பார்த்து உட்கார வைப்பார்கள். அவள் தூங்கக் கூடாது. முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கினாள் என்று ஒருத்திக்குப் பேர் வந்துவிட்டால் அப்புறம் அவளோடு யாரும் வேன் ஏற மாட்டார்கள்.

நான் தூங்கியதே இல்லை. எங்கள் ஆடு பக்கத்து வீட்டுக் களத்தில் காய்ந்த மல்லியை மேய்ந்ததிலிருந்து, என் மாமியார் ரேஷன் கடைக்காரரோடு போட்ட சண்டை வரைக்கும் எதையாவது பேசிக்கொண்டே வருவேன். ஒரே கதையை இரண்டு தடவை சொன்னாலும் டிரைவர் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். "இது போன வாரம் ஓடின ரீல் தாயி, புதுசா எடு" என்பார். கதையில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் "அப்புறம்?" என்று எடுத்துக் கொடுப்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். வேனில் எல்லாரையுமே அவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

சில நாள் நான் களைத்துப்போய் இருந்தால் அவர் பேசுவார். அப்படித்தான் அவர் பழைய கதை தெரிந்தது. ஒரு காலத்தில் அவர் பயங்கரக் குடி. லாரி ஓட்டிய நாளில் பொழுது விடிவதும் தெரியாது, அடைவதும் தெரியாது. பிறகு விட்டுவிட்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சபை முழுக்க உட்கார்ந்திருக்க எழுந்து நின்று, நான் குடிகாரன், இன்றோடு விட்டேன் என்று சாட்சி சொன்னாராம். பக்கத்தில் அவர் சம்சாரம், எனக்கு மதினி முறை, முக்காட்டைக் கடித்துக்கொண்டு அழுதார்களாம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். மகளைப் பற்றிச் சொல்லும்போதும் அதே பெருமைதான். அவள் அருப்புக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். அப்பனைப் போலவே சுள்ளென்று பேசுவாள் என்பார்.

அன்றைக்குக் காலையும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தோம். டவுனைத் தாண்டியாயிற்று. நல்ல வெளிச்சம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலக் காடு, எங்கேயோ கரிமூட்டம் போட்டிருந்த புகை ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பின்னால் அத்தனை பேரும் தூக்கம். நான் என் வீட்டுக்காரர் சந்தையில் சேவல் வாங்கப் போய் வெடைக்கோழியை வாங்கிவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தார். அப்போது முன்னால் என் பக்கத்து டயர் வெடித்தது. வேன் என் பக்கமாக இழுத்துக்கொண்டு சரிந்தது. இந்தப் பக்கம் வரிசையாகப் புளியமரம். அண்ணன் ஸ்டியரிங்கை முழுப் பலத்தோடு அவர் பக்கம் வளைத்தார். வேன் ரோட்டைக் குறுக்கே தாண்டி எதிர்ப் பக்கம் நின்ற மரத்தில் அவர் பக்கமாகவே போய் மோதியது.

அவர் நினைத்துத்தான் அப்படி வளைத்தாரா, கை தானாகப் போயிற்றா, எனக்குத் தெரியாது. கண் மூடித் திறக்கிற நேரம் அது. பின்னால் இருந்தவர்களுக்குக் கையும் காலும் முறிந்தது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, நெற்றி கிழிந்தது. செத்தது அண்ணன் மட்டும்தான்.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். தலையில் தையல் போட்டுக் கட்டு, தோளை இறுக்கி ஒரு பட்டை. அரை மயக்கத்தில் இருந்தாலும் காது கேட்டது. வாசலில் நின்ற ஆட்கள், வேனுக்கடியில் பாட்டில் கிடந்ததாம், டிரைவர் நல்லா ஏத்தியிருந்தானாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோட்டில் எந்தக் கருவேலம் புதரைத் தூக்கினாலும் அடியில் பாட்டில் கிடக்கும். அதைப் போய் ஒரு மனுசன் தலையில் கட்டுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மைக்கோடு ஒரு டிவிக்காரத் தம்பி வந்தார். எப்படிம்மா இருக்கு, என்ன நடந்துச்சு என்று கேட்டிருந்தால் நான் இரண்டு வார்த்தை முனகிவிட்டுக் கண்ணை மூடியிருப்பேன். அவர் எடுத்த எடுப்பிலேயே டிரைவர் குடித்திருந்தாராமே என்றுதான் கேட்டார்.

எழுந்து உட்கார முடியவில்லை. படுத்தவாக்கிலேயே கத்தினேன்.

"யாருய்யா சொன்னது? அவுக பக்கத்துல உக்காந்து வந்தவ நான் சொல்றேன், அவுக குடிக்கல. டயர் வெடிச்சுச்சு. என் பக்கம் மோத இருந்த வண்டியத் திருப்பி அவுக பக்கம் வாங்கிக்கிட்டாக. எனக்கு வர இருந்த சாவு அது."

அவ்வளவுதான் பேசினேன். நர்ஸ் வந்து அந்தத் தம்பியை விரட்டினார். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

டயர் வெடித்ததை யாரும் காதில் வாங்கவில்லை. குடிக்கவில்லை என்று சொன்னதையும் வாங்கவில்லை. டிரைவர் என்னைக் காப்பாற்றினார், உயிர் தப்பிய பெண் கண்ணீர் என்று எழுத்துப் போட்டு ஒளிபரப்பினார்கள். நான் அழவே இல்லை. அது வேறு ஒரு குற்றமாகப் போயிற்று. அந்த வீடியோவுக்குக் கீழே, கண்ணீர் என்று போட்டிருக்கிறதே, ஒரு சொட்டுக்கூடக் காணோமே என்று ஒருவர் எழுதியிருந்தார். பிணத்தை இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் இவளுக்குப் பேட்டி கேட்கிறது என்று இன்னொருவர். என்னமாய்ப் பேசுகிறாள் பார், அடிபட்டவள் மாதிரியா இருக்கிறது, எவ்வளவு வாங்கினாளோ என்று எத்தனையோ பேர். என் தலைக்கட்டில் ரத்தம் ஊறியிருப்பது அந்த வீடியோவிலேயே தெரியும். பார்த்தவர்கள் கண்ணுக்கு என் வாய் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

என் கூட வந்த பெண்களிடமும் அன்றைக்கு மைக் நீட்டியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பாவம், பேசக்கூட முடியவில்லை என்று அவர்களுக்கு ஊர் உருகியது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூடிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு. நம் ஊரில் அடிபட்டவள் என்றால் படுத்துக் கிடக்க வேண்டும், முனக வேண்டும், யாராவது கேட்டால் மேலே கையைக் காட்ட வேண்டும். நடந்தது இது என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் அவள் அடிபட்டவள் இல்லை, ஆட்டக்காரி.

வீட்டுக்கு வந்த பிறகு சனம் பார்க்க வந்தது. சாத்துக்குடி, ரொட்டி, ஆர்லிக்ஸ் எல்லாம் கொண்டுவந்தார்கள். வலிக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. டிவியில் ஆளு நல்லாத் தெரிஞ்சியே, எந்தச் சேனல், இன்னும் கூப்பிடுகிறார்களா என்று கேட்டவர்கள் அதிகம். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி என் நெற்றித் தையலை உற்றுப் பார்த்துவிட்டு, அன்னைக்குப் பொட்டு வச்சிருந்த மாதிரி தெரிஞ்சுச்சே என்றாள். மில்லுக்குப் போகும்போது வைத்த பொட்டு அது. டயர் வெடிக்கப் போகிறது என்று தெரிந்திருந்தால் அழித்துவிட்டு ஏறியிருப்பேன்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். என் தோல் கொஞ்சம் தடிப்பு. ஆனால் டீக்கடையில் வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டத் தெரிந்த யாரோ ஒருவர்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். மோதப் போகிறது என்றால் எந்த டிரைவரும் தன் பக்கத்தைத்தான் காப்பாற்றுவான், கை தானாக அப்படித்தான் போகும், இவன் மட்டும் ஏன் அவள் பக்கத்தைக் காப்பாற்றினான் என்று கேட்டிருக்கிறார். கேட்டால் போதுமே. தினமும் இவள்தான் முன்சீட்டு, வேறு யாரையும் உட்கார விட மாட்டாளாம், ஒரே பேச்சும் சிரிப்புமாம் என்று ஆளுக்கு ஒரு கை மண் அள்ளிப் போட்டார்கள். நான் அவர் பேரைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை எடுத்தே அவரையும் என்னையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் டவுனில் பவர்லூம் தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. அங்கேயும் இது அவர் காதுக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்தார். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் ஜெயித்தது. அந்த டிவிக்காரத் தம்பியின் நம்பரைத் தேடிப் பிடித்து நானே கூப்பிட்டேன். வாங்க, இன்னும் பேச வேண்டியிருக்கிறது என்றேன்.

வீட்டுக்காரர் தடுத்தார். கையைப் பிடித்து இழுக்கிற ஆள் இல்லை அவர். வாசலில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ சொல்றது நெசம்னு எனக்குத் தெரியும்டி. அடிபட்ட தோளு, அமைதியா இருந்தா என்ன கொறஞ்சா போயிருவ?"

நான் கேட்கவில்லை. பெரிய கேமராவோடு வந்தார்கள். அவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் எனக்கு அண்ணன், கூடப் பிறந்த அண்ணனைப் போல, அவர் குடிக்கிறவர் இல்லை, தப்பாகப் பேசுகிறவர்கள் நாக்கு அழுகிப் போகும் என்று மூச்சு விடாமல் பேசினேன். அண்ணன் என்று எத்தனை தடவை சொன்னேனோ. யாருமே கேட்காமல் இவள் ஏன் அண்ணன் அண்ணன் என்கிறாள் என்று கீழே எழுதினார்கள். புருசன் ஏன் பக்கத்தில் இல்லை என்றும் எழுதினார்கள். அதை எழுதியவருக்கு நூற்றுக்கணக்கில் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். ரிப்போர்ட் எப்போது வந்தது, அதில் என்ன இருந்தது என்று எந்தச் சேனலிலும் சொல்லவில்லை. நானும் டிவியை வைத்துக்கொண்டு பார்த்தேன், பார்த்தேன், அதற்குள் அவர்களுக்கு வேறு ஊரில் வேறு விபத்து கிடைத்துவிட்டது. எங்கள் ஊர்ச் சனத்துக்கு மட்டும் நாங்கள் போதுமாக இருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம் மதினி வந்தார்கள். டிரைவர் அண்ணன் சம்சாரம். வெள்ளைச் சேலை. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்ததில் முகம் கன்றிப் போயிருந்தது. அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை, அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிறகு போகலாம் என்றால், ஊர் பேசுகிற பேச்சில் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பது. அவர்களே வந்து நிற்கிறார்கள். தண்ணீர் கொடுத்தேன். முழுச் செம்பையும் குடித்தார்கள். நான் அழுதேன், அன்றைக்குத்தான் நான் முதல் முதலாக அழுதேன். கடைசியாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார், வலி தெரிந்திருக்காது என்று சொன்னேன். கோழி வாங்கிய கதையையும் சொன்னேன். மதினி லேசாகச் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்கள்.

"தாயி, இனிமே அவுகளப் பத்தி நீ எங்கயும் பேசாத."

"குடிச்சிட்டு ஓட்டுனாகன்னு சொல்றாங்களே மதினி. அதக் கேட்டுக்கிட்டு எப்பிடிச் சும்மா இருக்க?"

"சொல்லட்டும். குடிகாரன் பொண்டாட்டியா இந்த ஊருல நான் குடும்பம் நடத்திப் பாத்தவதான். இன்னும் நடத்திருவேன். இப்ப பேசுறாகளே, அதோட என்னால இருக்க முடியாது. பிள்ள காலேஜுக்குப் போற பஸ்ஸுல, ஒங்க சித்தி நல்லாருக்காகளான்னு கேக்குறானுக."

அந்தச் சித்தி நான்தான். நீங்களும் நம்புகிறீர்களா மதினி என்று கேட்டுவிட்டேன்.

"நம்புனா ஒன் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிப்பேனா?" என்றார்கள்.

அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர்களே யோசித்து வைத்திருந்தார்கள். நான் தூங்கிவிட்டதாகச் சொல்ல வேண்டும். டயர் வெடித்ததைப் பார்க்கவில்லை, வண்டியை எந்தப் பக்கம் திருப்பினார் என்று தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் எதையோ உளறிவிட்டேன். தூங்கியவளுக்காக யாரும் உயிரைக் கொடுத்ததாகக் கதை கட்ட முடியாது. பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஊர் குடிகாரன் என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடும்.

அவர் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். அந்த மனுசனைக் குடிகாரன் என்று சொல்ல விடலாமா என்று கேட்டேன்.

"பக்கத்துல நின்னவ நான். எனக்குத் தெரியாதா? கர்த்தருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். போதும். பிள்ளைகிட்டகூடச் சொல்லிராத. அவ அப்பன மாதிரி. ஒரு வார்த்தை தெரிஞ்சாலும் தெருவுல நின்னு சண்ட போடுவா, பேச்சு மறுபடியும் கிளம்பிரும்."

முன்சீட்டுக்காரி தூங்கிவிட்டேன் என்று சொல்வதற்கு எங்கள் வேனில் என்ன அர்த்தம் என்று மதினிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அண்ணன் எல்லாவற்றையும் வீட்டில் சொல்கிற ஆள். தெரிந்துதான் கேட்டார்கள். வேறு வழி இல்லாமல்தான் கேட்டார்கள். என் அடிபடாத கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சரி மதினி என்றேன்.

நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி எடுக்கிறோம் என்று அந்த டிவிக்காரத் தம்பியே மறுபடியும் வந்தார். தூங்கிட்டேன் தம்பி, ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். முதலில் குடிக்கவில்லை என்று அடித்துச் சொன்னீர்களே என்றார். மயக்கத்தில் சொன்னது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு இது அதைவிட நல்ல செய்தி.

அப்போதே சொன்னோமே, பொய்க்காரி என்று எழுதினார்கள். வாய் கூசாமல் மாற்றிப் பேசுகிறாள் என்றார்கள். ஆனால் மதினி கணக்குத் தப்பவில்லை. டீக்கடைப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தூங்கு மூஞ்சியை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் கதை சொல்வார்கள்.

வேனில் வந்த பெண்களில் ஒருத்திக்குக் கால் முறிந்து கம்பி வைத்திருந்தார்கள். ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் கம்பை ஊன்றி நின்றுகொண்டு, "முன்சீட்டுல உக்காந்து தூங்குனியாடி? ஒன் வாய நம்பித்தான நாங்க கண்ணை மூடுனோம்" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் அவள். அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மென்று முழுங்கினேன். அவள் போன பிறகு என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சபையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விட்ட குடிக்கே திரும்பிப் போய்விட்டார், பின்வாங்கிப்போன ஆத்துமாவுக்காக என்று அண்ணனுக்கு ஜெபம் பண்ணினார்களாம். அதே சபைக்குப் போகிற மில் பெண் ஒருத்தி சொன்னாள். மதினி முக்காடு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்களாம். ஜெபம் முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார்களாம்.

மில்லுக்கு நான் திரும்பப் போகவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேனில் எனக்கு எங்கே இடம் போடுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தோள் கூடிய பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போகிறேன். வருகிறவர்களிடம் பேச வேண்டிய வேலை இல்லை அது. பேசுகிற பெண்கள் வேறே இருக்கிறார்கள். அவர்கள் விரித்துக் காட்டியதை நான் மடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் மகள் என்னைப் பார்த்துவிட்டாள். தோளில் காலேஜ் பை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் கிட்டே வந்துவிட்டாள். அவளை நான் அதற்கு முன்னால் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், அண்ணன் போனில். அதே கண். சுற்றிச் சனம் நின்றதை அவள் சட்டை பண்ணவில்லை. அத்தை என்று கூப்பிட்டாள். அப்பனை அண்ணன் என்று கூப்பிட்டவளை அப்படித்தானே கூப்பிட வேண்டும்.

சாப்பிட்டீகளா, தோள் எப்படி இருக்கு என்று விசாரித்தாள். அத்தனை சனத்தில், வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் என் வலியைக் கேட்டவள் அவள்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஆஸ்பத்திரில நீங்க பேசுனது என் போன்ல இருக்கு அத்தை. அம்மாவுக்குத் தெரியாது. அப்பா ஞாபகம் வந்தா அதப் போட்டுப் பாப்பேன். பின்னாடி நீங்க மாத்திப் பேசுனதையும் பாத்தேன். யாரோ மிரட்டித்தான் அப்பிடிப் பேச வச்சிருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். எது நெசம் அத்தை?"

நான் அவளைப் பார்த்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. மைக் இல்லை, கேமரா இல்லை, கேட்கிறவள் அவர் பெற்ற பிள்ளை. இவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. நேரே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நிற்பாள். நீதான் பொய் சொல்லச் சொன்னாயா என்று கேட்பாள். நாளைக்குப் பஸ்ஸில் எவனாவது வாயைத் திறந்தால் எங்கப்பா குடிக்கவில்லை என்று சட்டையைப் பிடிப்பாள். அவன் மறுபடியும் சித்தியை விசாரிப்பான். மதினி ஆமென் சொன்னதெல்லாம் வீணாகப் போகும்.

"ரெண்டாவது சொன்னதுதான் பாப்பா" என்றேன்.

"அப்ப அப்பா..."

"எனக்குத் தெரியாதுத்தா. நான் தூங்கிட்டேன்."

அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. சரி அத்தை, வாரேன் என்றாள். அவள் ஊர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். ஊர் சொன்னதை அந்தப் பிள்ளை அதுவரைக்கும் நம்பவில்லை. டிவியில் சொன்னதை நம்பவில்லை, சபையில் ஜெபம் பண்ணியதை நம்பவில்லை. நான் சொன்னதும் நம்பிவிட்டாள்.